கட்டம் சேர்த்துத் தைத்த துணி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை மதியம் நடந்தது இது. கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு குறுகலான மாடிப்படி ஏறினால் என் தையல்கடை வரும். பள்ளிச் சீருடை தைப்பதும், ஆண்டு விழாக்களுக்கு மாறுவேட உடுப்பு வாடகைக்குக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. பிப்ரவரி பிறந்துவிட்டால் எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஊரில் உள்ள பள்ளிகள் எல்லாம் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே நேரத்தில் விழா வைத்து என்னைப் பாடாய்ப் படுத்தும்.

அன்று கடை முழுக்க இலைப் பாவாடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு சின்னப் பள்ளியில் 'உலகம் நம் கையில்' என்று விழா. வகுப்புக்கு ஒரு தேசம். இரண்டாம் வகுப்புக்கு ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்கா ஒரே நாடு இல்லை என்பது அப்போது எனக்கும் தெரியாது, அந்த வகுப்பு டீச்சருக்கும் ஞாபகம் இல்லை. "பதினெட்டு செட் வேணும்க்கா" என்று போனில் சொன்னார், நானும் எடுத்து மாட்டிவிட்டேன்.

செட் என்றால் என்ன தெரியுமா? பச்சை பிளாஸ்டிக் சாக்கு நாரில் ஒரு பாவாடை. தெர்மகோலில் வெட்டிய எலும்பு மாலை. தலைக்கு இறகு. உள்ளே போட்டுக்கொள்ள, உடம்போடு ஒட்டும் கறுப்பு முழுக்கை பனியன். இதெல்லாம் நானே யோசித்துச் செய்தது. பத்துப் பதினோரு வருடமாக எல்லாப் பள்ளிகளும் கேட்டு வாங்கிப் போனதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அப்போதுதான் படியேறி ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். பார்த்ததும் ஆப்பிரிக்காக்காரர்கள் என்று தெரிந்தது. மகளுக்கு ஏழு வயது இருக்கும், அதே பள்ளியின் சீருடை. அது நான் தைத்த சீருடைதான். அவர் கையில் ஒரு துணிப்பை. எனக்கோ கை நிறைய வேலை. வந்தவர் வாய் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு ஒரு செட்டை எடுத்து மேசையில் போட்டேன். போட்டதோடு விட்டேனா? பாதி ஆங்கிலத்திலும் பாதி சைகையிலும் ஆரம்பித்து, அது சரியாக வராமல், எப்படியும் புரியப்போவதில்லை என்ற தைரியத்தில் எனக்கு நானே பேசிக்கொள்வதுபோலத் தமிழில் சொன்னேன்: "இந்தப் பாப்பாவுக்குக் கறுப்பு பனியன் தேவப்படாது. பாவாடையும் மாலையும் இருந்தாப் போதும்."

அவர் அந்த எலும்பு மாலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நல்ல மதுரைத் தமிழில் கேட்டார்.

"இத எந்த ஊருலக்கா உடுத்துறாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோசனம், வார்த்தைதான் வெளியே போய்விட்டதே. அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை என்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தான் கானா தேசத்துக்காரர், மதுரையில் ஆறு வருடம் படித்துவிட்டு இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் வேலைக்கு வந்தவர், பக்கத்து நாடுகளுக்கும் போயிருக்கிறார், இப்படி உடுத்தியவர்களை எங்கேயும் பார்த்ததில்லை, அதனால்தான் கேட்டதாகச் சொன்னார். பதினோரு வருடம் வாடகைக்கு விட்ட எனக்குச் சொல்ல ஒரு ஊர் பெயர் இல்லை. "ஆப்பிரிக்காவுலதாங்க..." என்று இழுத்தேன்.

அந்தச் சின்னப்பெண் அதற்குள் தொங்கும் பாவாடைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டாள். பதினெட்டு. அவள் வகுப்பில் பதினெட்டுப் பேர்.

"அப்பா, எங்க மிஸ் சொன்ன டிரெஸ் இதானா? எங்க வீட்ல யாரும் எலும்பு போட மாட்டாங்கல்ல? நான் வெள்ளிக்கிழமை ஸ்கூலுக்குப் போகல" என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

விழா வெள்ளிக்கிழமை. அவள்தான் வரிசையில் முதலாவதாக நடக்கவேண்டியவள் என்று பிறகு தெரிந்தது.

அவர் பையைப் பிரித்து ஒரு துணியை எடுத்தார். அவர்கள் ஊரில் நெய்யும் கெந்தே என்ற துணி. மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று கண்ணைப் பறித்தது. அவர் மனைவி சின்ன வயதில் கட்டியதாம். மனைவி அப்போது ஊருக்குப் போயிருந்தார். விழாவுக்கு மகள் இதைக் கட்டட்டும் என்று எடுத்துப் பார்த்தால் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. அதை மட்டும் கையால் தைத்துக் கொடுங்கள், புதன்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெள்ளனே கடையைத் திறந்து அந்தத் துணியை மேசையில் விரித்தேன். எனக்கு ஒரே ஆச்சரியம். அது ஒரே துணி இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு நீள நீளமான பட்டைகளாக நெய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்திருந்தார்கள். ஒவ்வொரு பட்டையிலும் கொஞ்ச தூரம் அடர்த்தியாகக் கட்ட வேலைப்பாடு, கொஞ்ச தூரம் வெறும் கோடு, மறுபடி கட்டம். இவ்வளவு சின்ன அகலத்தில் எதற்கு நெய்கிறார்கள், தறி எப்படி இருக்கும், யார் உட்கார்ந்து நெய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சீருடை வேலை எல்லாம் அப்படியே கிடந்தது.

அப்போதுதான் என் கண்ணுக்கு ஒரு 'குறை' தெரிந்தது. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் கட்டங்கள் நேராக வரவில்லை. ஒன்றில் கட்டம் இருக்கும் இடத்தில் அடுத்ததில் வெறும் கோடு.

சீருடை தைப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட பாவாடையில் பக்கத் தையலில் கட்டத்தோடு கட்டம் சேரவேண்டும். சேரவில்லை என்றால் அவர் டைலரே இல்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்து கையில் ஊறிப்போன விஷயம் அது. திங்கட்கிழமை பேசிய பேச்சு வேறு நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. ஏதாவது நல்லது செய்து அதை ஈடுகட்டவேண்டும் என்று மனசு தவித்தது. விட்டிருந்த ஒரு தையலோடு நிறுத்தாமல், எல்லாத் தையலையும் பிரித்தேன். ஒன்றுவிட்டு ஒரு பட்டையை ஒரு கட்ட நீளம் கீழே இறக்கி, கட்டத்தோடு கட்டம் சேர்த்து, மெல்லிய நூலில் கையாலேயே தைத்தேன். நீட்டிக்கொண்டிருந்த முனைகளை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தவள், ஏனோ மனசு வராமல் உள்ளே மடித்து அடித்தேன். முழுசாக ஒரு நாள் போயிற்று. முடித்துத் தூக்கிப் பிடித்தால் கட்டங்கள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். விரித்துக் காட்டினேன். அவர் "ரொம்ப அழகா தச்சிருக்கீங்க" என்றார், ஆனால் முகத்தில் ஏதோ குழப்பம். மகள்தான் மேசைமேல் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "இது அம்மா துணி இல்ல" என்றாள்.

"அம்மா துணிதான் பாப்பா. கட்டம் கோணலா இருந்துச்சா, ஆன்ட்டி நேரா தச்சிருக்கேன்" என்றேன்.

"கோணலா இல்ல. அது அப்படித்தான்."

அப்பா தலையைச் சொறிந்தார். அப்படித்தான் இருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை. "எத்தனையோ வாட்டி கட்டியிருக்கேங்க. நின்னு பார்த்ததே இல்ல" என்று வெட்கப்பட்டார். சரி, அவங்களையே கேட்போம் என்று மனைவிக்கு வீடியோ கால் போட்டார். என் கடைக்குள் இன்டர்நெட் சிக்னல் வராது. மூன்று பேரும் துணியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் நின்றோம். கீழே காய்கறிக் கடைக்காரர் அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்.

அந்த அம்மா திரையில் வந்தார். துணியைக் காட்டினோம். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். கோபித்துக்கொள்ளப் போகிறார், அது அவர் சின்ன வயதில் கட்டிய துணி, நான் அழித்துவிட்டேன் என்று பயந்துபோனேன். திடீரென்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். நல்ல சிரிப்பு. பிறகு அவர்கள் பாஷையில் பேசப் பேச, மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

நெய்கிறவர் வேண்டுமென்றேதான் மாற்றி மாற்றி வருவதுபோல நெய்து வெட்டுவாராம். கட்டத்துக்குப் பக்கத்தில் கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் கட்டம். "ஒரு பட்ட பேசும்போது பக்கத்துப் பட்ட கேக்கணுமாம். எல்லாம் ஒண்ணா பேசுனா சத்தமாயிருமாம். எனக்குப் புரியறதுக்காக அம்மா இப்படிச் சொல்றாங்க" என்றாள். ஒவ்வொரு கட்ட வேலைப்பாட்டுக்கும் பெயர் உண்டு என்றும் அந்த அம்மா சொன்னார். அந்தப் பெயர்களை மகள் தமிழில் சொல்ல முடியாமல் அப்படியே சொல்லிக் காட்டினாள்.

எனக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. தறி எவ்வளவு நீளம், பெண்கள் எப்படிக் கட்டுவார்கள், சின்னப் பிள்ளைகள் எப்படிக் கட்டுவார்கள் என்று துளைத்துவிட்டேன். அந்த அம்மாவும் சளைத்தவர் இல்லை. என் புடவையைக் காட்டச் சொன்னார். முந்தானையை ஏன் இடது தோளில் போடுகிறீர்கள் என்று கேட்டார். இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறேன், யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. அவர்கள் ஊர் ஆண்களும் துணியை இடது தோளில்தான் போடுவார்களாம்.

உடனே உட்கார்ந்து மறுபடி எல்லாத் தையலையும் பிரித்தேன். இந்தத் தடவை மேஸ்திரி அவள். மேசைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா போனில் அனுப்பிய பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, "இது மேல... இது கீழ... ஆன்ட்டி, மறுபடி தப்பு" என்று அதிகாரம் செய்தாள். நானும் பயபக்தியோடு தைத்தேன். அந்தச் சாயங்காலத்துக்குள் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் அந்தத் துணி பட்டை பட்டையாக மனப்பாடம் ஆகிவிட்டது.

பாதி தைத்திருக்கும்போது டீச்சர் வந்தார்.

"என்னக்கா, பேக் பண்ணிட்டீங்களா? வெரசா குடுங்க, நாளைக்கு ரிகர்சல்."

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. அத நான் குடுக்கப் போறதில்ல" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. வருடா வருடம் இதைத்தானே கொடுத்தீர்கள், இரண்டு நாள் வைத்துக்கொண்டு சொன்னால் நான் எங்கே போவேன், பெற்றோரிடம் என்ன சொல்வேன் என்று பொரிந்து தள்ளினார். அவர் கேட்டது நியாயம்தான். அப்புறம்தான் மேசைமேல் உட்கார்ந்திருப்பது யார் என்று கவனித்தார். அவள் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நீ வெள்ளிக்கிழமை வருவேல்லடா?" என்று டீச்சர் கேட்டார். அவள் சுவரில் தொங்கிய பாவாடைகளைப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். டீச்சர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த அப்பாதான் வழி சொன்னார். "எங்க ஊரு உடுப்புக்குத் தையலே வேணாங்க டீச்சர். எல்லார் வீட்லயும் ஒரு பெட்ஷீட்டு, ஒரு பழைய சேலை இருக்கும்ல? கொண்டாரச் சொல்லுங்க. நான் வந்து கட்டிக் காட்டுறேன்."

வியாழக்கிழமை நானும் போனேன், இரண்டு டப்பா ஊக்கோடு. பையன்களுக்குப் போர்வையை உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து இடது தோளில் போட்டார், வலது தோளில் துணி படாமல். பெண்களுக்கு முன்பக்கம் குறுக்காக இழுத்துப் பிடரியில் முடிச்சு. நான் பழக்க தோஷத்தில் ஊக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் தடுத்துவிட்டார். ஊக்கு குத்தினால் பிள்ளைகள் மறந்துவிட்டு ஓடுவார்கள், குத்தாவிட்டால் கையால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடப்பார்கள் என்றார். நிஜம்தான். எப்போதும் குரங்குச் சேட்டை செய்கிற பையன்கள்கூட அன்று கல்யாண மாப்பிள்ளை போல நடந்தார்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கோ அளவே இல்லை. கானாவில் பூண்டு விளையுமா? அங்கே பனி பெய்யுமா? ராஜா இருக்கிறாரா? இருக்கிறார் என்றார் அவர். ராஜாவாக யார் வரவேண்டும் என்று பெயர் சொல்வதற்கு ஒரு பெரிய அம்மா உண்டு என்றும், அவர் முன்னால் எப்படி நிற்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். மகளை அந்தப் பெரிய அம்மாவாக நாற்காலியில் உட்காரவைத்துப் பழகினார்கள். அவள் உட்கார்ந்தாள். ஆனால் நாளை வருவதாக மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விழா. நான் பின்வரிசையில் இருந்தேன். என் பக்கத்தில் கூக்கால் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த ஒரு பூண்டு விவசாயி. அவருடைய பெண்ணும் அதே வகுப்பு. டவுனில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். "என்னம்மா இது, எம்புள்ள போர்வையச் சுத்திக்கிட்டு நிக்குது? நல்ல டிரெஸ் வாங்கக் காசு குடுத்தேனே" என்று குறைபட்டுக்கொண்டார். கானா என்று சொன்னேன். அது மெட்ராசுக்கு அந்தப் பக்கமா என்றார்.

திரை விலகியது. நாற்காலி காலியாக இருந்தது. என்ன சொல்லி என்ன, அவள் வரவில்லை, இனி இந்த ஊரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழந்தைக்கு என் கடைச் சுவர்தான் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். பாட்டு ஆரம்பித்தது. அப்போது பக்கவாட்டிலிருந்து மெதுவாக, பிடரியில் முடிச்சுப் போட்ட அம்மாவின் துணியோடு அவள் நடந்து வந்தாள். கட்டமும் கோடும் மாறி மாறி இருந்தன. முகம் கல்லாக இருந்தது. யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தாள். எந்த நிமிடமும் இறங்கி ஓடிவிடுவாள் போல நாற்காலி விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பையன்கள் வரிசையாக வந்தார்கள். அவள் முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, இடது தோளில் கிடந்த துணியை மார்புவரை இறக்கிக் குனிந்தார்கள். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் கண் சட்டென்று அந்தப் பக்கம் போனது.

என் பக்கத்திலிருந்த அந்த மனிதர், "அட, சாமி முன்னாடி நாம துண்டெடுக்குறாப்புலல்ல இருக்கு" என்றார். சொன்னவர் எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யோசித்துச் செய்தது இல்லை அது, கை தானாகச் செய்தது. பின்வரிசையில் கூக்கால்காரர்கள் இன்னும் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். அவர் எழுந்ததைப் பார்த்து அவர்களும் எழுந்து துண்டை எடுத்தார்கள். சிரிப்புச் சத்தம் நின்றுபோனது.

மேடையிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். மெல்ல நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். மேடையோரம் நின்ற அவள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நான் மறைக்கவே இல்லை, அழுதுவிட்டேன்.

அந்தப் பதினெட்டுப் பாவாடைகளையும் பிரித்து, நாரைத் தக்காளிச் செடி கட்ட ஒரு தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது யாராவது எந்த நாட்டு உடுப்பு கேட்டாலும், அந்த நாட்டில் எந்த ஊர், அங்கே யார் எப்போது உடுத்துவார்கள் என்று நான் கேட்கிற கேள்வியில் பாதி டீச்சர்கள் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால், கானா எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே ஊர் பஸ் ஏறிப் போன அந்த மனிதர் எதுவும் தெரியாமலே அந்தக் குழந்தைக்குக் கொடுத்த மரியாதையை, அவள் என் கடைப்படி ஏறி வந்த அன்று, எல்லாம் தெரிந்ததாக நினைத்திருந்த நான் கொடுக்கவில்லை என்பது இன்றைக்கும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.